பிடியரிசி



இன்று உங்களோடு பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு கைப்பிடிக்குள் அடங்குவது. எங்கள் வீட்டு மாடத்தில் என் தாயார் வைத்திருந்த ஒரு மண் கலயத்தையும், அதற்குள் நாள்தோறும் விழுந்த ஒரு பிடி அரிசியையும் பற்றிச் சொல்லப் போகிறேன்.

இதைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் ஒரு மாணவர் கேட்ட கேள்வியால் பிறந்தது. கஜா புயல் 2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் வேதாரணியம் பகுதியில் கரை கடந்ததை நீங்கள் அறிவீர்கள். அதற்கு அடுத்த ஆண்டு, காவிரியின் கடைமடைப் பகுதியிலுள்ள கல்லூரி ஒன்றில் இறை நம்பிக்கையைப் பற்றிப் பேசினேன். பேச்சு முடிந்ததும் பின் வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்தார். அவருடைய குடும்பத்துத் தென்னந்தோப்பு அப்புயலில் அடியோடு சாய்ந்துவிட்டதாம். “ஐயா, புயல் ஓய்ந்த மறுநாள் முன்பின் அறியாதவர்கள் வண்டியில் வந்து எங்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். அதை ஆண்டவன் அருள் என்று என் பாட்டி சொன்னார். சோற்றை அனுப்பியவர் ஆண்டவன் என்றால், புயலை அனுப்பியவர் யார்? இருவரும் ஒருவர்தாமா?” என்று அவர் கேட்டார். அவையில் சிலர் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. ஏனெனில், பத்து வயதில் அதே கேள்வியை என் அம்மாவிடம் கேட்டவன் நான். என் அம்மா அதற்கு வாயால் விடை சொல்லவில்லை. அவர் செய்ததைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்ல இயலும்.

என் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே உள்ள சிற்றூர். எங்களுக்குப் பத்து மா நிலம் இருந்தது; தஞ்சைக் கணக்கில் அது அரை வேலி. மண் சுவரும் கீற்றுக் கூரையுமாக ஒரு வீடு. தந்தையார், தாயார், தந்தையாரைப் பெற்ற அப்பாயி, நான், நான்கு வயதுத் தங்கை ஆகிய ஐவர் அவ்வீட்டில் இருந்தோம். கடைமடையில் ஒரு போகந்தான். தை பிறந்தால் குதிர் நிறையும். ஐப்பசி வந்தால் குதிரின் அடித்தரை தெரியும். கார்த்திகை மாதம் என்பது எங்கள் பக்கத்தில், வயலில் பயிர் பச்சையாகவும் வீட்டில் பானை வெறுமையாகவும் இருக்கும் மாதம்.

அப்படிப்பட்ட மாதத்திலும் அம்மா உலையில் அரிசி இடுவதற்கு முன் ஒரு பிடியை அள்ளி அந்தக் கலயத்தில் போடுவார். பிடியரிசி என்று அதற்குப் பெயர். இவ்வழக்கம் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. பல ஊர்களில் கோயில் திருப்பணிக்கும், பாடசாலைக்கும்கூட இப்படிப் பிடியரிசி திரட்டியதுண்டு. எங்கள் வீட்டுப் பிடியரிசி மார்கழித் திருவாதிரையன்று சிவன் கோயிலில் அடியவர்க்கு அன்னம் இடுவதற்கு உரியது. அதை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெயிலில் உலர்த்தி, வேப்பிலை இட்டு, துணியால் வாய் கட்டி, வீட்டின் மேற்கு மூலையில் சாமி மாடத்துக்குள் வைப்பார். பிள்ளைகளாகிய நாங்கள் அதைத் தொடக்கூடாது. ஒரு நாள் நான் பசியோடு பள்ளியிலிருந்து வந்து, அந்தக் கலயத்திலிருந்து ஒரு வாய் அரிசியை அள்ளி மென்றுவிட்டேன். அம்மா அடிக்கவில்லை. இரவு உலை வைக்கும்போது என் பங்கிலிருந்து இரண்டு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டார். அந்தத் தண்டனை இன்னும் என் நாவில் இருக்கிறது.

1952 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் நாகப்பட்டினத்துப் பகுதியைத் தாக்கிய புயலைப் பற்றி உங்கள் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். திருக்கார்த்திகையை ஒட்டிய நாட்கள் அவை. அகல் விளக்கும், பொரியும், இலுப்பை எண்ணெயும் வாங்கிவர என் தந்தையார் இரண்டு நாள் முன்னதாகவே மாட்டுவண்டி கட்டிக்கொண்டு நாகப்பட்டினம் சென்றிருந்தார். வழியில் ஒருவரிடம் வைக்கோல் விற்ற பணம் வாங்க வேண்டியும் இருந்தது. அடுத்த வீட்டில் இருந்தவர் வேதாரணியத்து உப்பளத்தில் கூலி வேலைக்குச் சென்றிருந்தார். அவருடைய மனைவியை நாங்கள் சித்தி என்று அழைப்போம். உறவு கிடையாது, பழக்கத்தால் வந்த முறை.

புயல் வருகிறது என்று இன்று நாட்கணக்கில் முன்னதாகவே அறிகிறோம். அன்று எங்கள் ஊருக்கு அப்படி ஒரு செய்தியும் வந்து சேரவில்லை. காலையில் வானம் மங்கியிருந்தது. மாடுகள் தண்ணீர் குடிக்கவில்லை. அப்பாயி, “காற்று ஒரு மாதிரியாக இருக்கிறதே” என்றார். எங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை அவ்வளவே. அந்தக் காற்றை நான் வருணிக்கப் போவதில்லை. வருணிக்கத் தொடங்கினால் எனக்கு வழங்கப்பட்ட நேரம் முழுவதும் அதற்கே போய்விடும். கூரை போயிற்று, கிழக்குச் சுவர் சரிந்தது, நாங்கள் நால்வரும் மேற்கு மூலையில், சாய்ந்து விழுந்த விட்டத்தின் கீழே ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம். என் தங்கையை அம்மா தம் சேலைக்குள் சுற்றி வைத்திருந்தார். அவ்வளவு போதும்.

மறுநாள் விடிந்தபொழுது ஊரே அடையாளம் தெரியவில்லை. தெருவில் தென்னைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. கிணற்றில் கீற்றும் சேறும் மிதந்தன. வயல் எது, வாய்க்கால் எது என்று பிரித்தறிய முடியாதபடி ஒரே நீர்ப்பரப்பு. அப்போது அப்பாயி சொன்ன முதற்சொல்லை நான் மறக்கவில்லை. முற்றத்தில் கிடந்த எங்கள் வீட்டுப் பித்தளை அண்டாவைக் காட்டி, “அடி, அண்டா நிறைந்திருக்கிறது பார்!” என்றார். கூரை போன வீட்டில், கூரை இருந்திருந்தால் நிறைந்திராத அண்டா, தெளிந்த மழைநீரால் விளிம்பு வரை நிறைந்திருந்தது. கிணறு கெட்டுப்போன அந்த ஊரில், அந்த நேரத்தில், அதுதான் எங்களுக்குக் குடிநீர். இதை அருள் என்பதா, கேலி என்பதா என்று பிற்காலத்தில் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அப்பாயிக்கு அந்த ஐயம் இல்லை. ஒரு செம்பு மொண்டு முதலில் என் தங்கைக்குக் கொடுத்தார்.

நீர் கிடைத்தது, சோற்றுக்கு வழி? குதிரின் அடியில் கிடந்த நெல் நனைந்து சேறாகிவிட்டது. மேற்கு மூலைச் சுவர் மட்டும் நின்றது என்று சொன்னேன் அல்லவா? அந்த மாடத்தில் கலயமும் நின்றது. வாய் கட்டிய துணி மேற்புறத்தில் மட்டும் ஈரம். உள்ளே, ஏறக்குறையப் பதினொரு மாதம் சேர்த்த அரிசி, பத்துப் படிக்குக் குறையாது, உலர்ந்திருந்தது.

அம்மா அதைக் கையில் எடுத்தார், அவிழ்க்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பசியால் தங்கை அழுதாள். “அம்மா, அதுதான் அரிசி இருக்கிறதே” என்றேன் நான். “அது நம்முடையதில்லையடா” என்றார். கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாத நிலையில், இரண்டு குழந்தைகளின் பசி கண்முன்னே நிற்க, ஒரு பெண் அப்படிச் சொன்னார். இன்று உங்களில் சிலருக்கு அது பேதைமையாகத் தோன்றலாம். எனக்கும் அன்று கோபந்தான் வந்தது. ஆனால், அவர் அஞ்சியது தண்டனைக்கு அன்று என்பதைப் பின்னாளில் உணர்ந்தேன். கொடுத்ததை மீட்டுக்கொள்வது தம்மை மாற்றிவிடும் என்று அவர் அஞ்சினார். ஒருவர் தாம் கொடுத்த வாக்கை இழந்துவிட்டால், கூரையையும் குதிரையும் இழந்ததைவிடப் பெரிய இழப்பு அதுவே என்பது அவருடைய கணக்கு.

அந்த நேரத்தில் கோயில் ஓதுவார் வந்தார். முதியவர். அவர் வீடும் விழுந்துவிட்டது. இரண்டு பேரப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து, “ஐயா, இது திருவாதிரைக்கு வைத்தது. இதைத் தொடலாமா? நீங்கள் சொல்லுங்கள்” என்றார். ஓதுவார் நூல் கற்றவர். பத்து மேற்கோள் காட்டக்கூடியவர். ஆனால் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேரன் கையிலிருந்த குவளையை வாங்கி எங்கள் அம்மாவின் முன்னே தரையில் வைத்தார். அவ்வளவுதான்.

அம்மா கலயத்தைப் பார்த்தார், குவளையைப் பார்த்தார். அடியவர்க்கு அன்னம் இட வைத்த அரிசி. அடியவர் வந்து நிற்கிறார். திருவாதிரை ஒரு மாதம் முந்தி வந்துவிட்டது, வேறொன்றும் இல்லை. அவர் துணியை அவிழ்த்து, முதற்பிடியை எடுத்து ஒரு சிறு கிண்ணத்தில் போட்டு மாடத்தில் வைத்தார். அது அடுத்த கணக்கின் தொடக்கம். அதன்பிறகுதான் உலைக்கு அரிசி அளந்தார்.

பிற்காலத்தில் விவிலியத்தைப் படித்தபோது சாறிபாத்து ஊர்க் கைம்பெண்ணின் வரலாற்றைக் கண்டு திகைத்தேன். பஞ்ச காலம். அவளிடம் இருந்தது பானையில் ஒரு பிடி மாவும், கலயத்தில் சிறிது எண்ணெயும். அதைச் சமைத்து மகனோடு உண்டுவிட்டுச் சாவதற்குச் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். எலியா என்னும் இறைவாக்கினர் அவளிடம், முதலில் தமக்கு ஓர் அடை செய்து கொடுக்குமாறு கேட்கிறார். அவள் கொடுக்கிறாள். மாவும் குறையவில்லை, எண்ணெயும் வற்றவில்லை என்கிறது அந்நூல். கடைசிப் பிடியிலிருந்து முதலில் பிறர்க்கு எடுத்து வைப்பது எளிதன்று. உலகின் எந்த மூலையிலும், எந்தச் சமயத்திலும், அது ஒரு தாயின் கையைச் சற்று நடுங்கச் செய்தே தீரும்.

அரிசி கிடைத்தது, நெருப்புக்கு எங்கே போவது? தீப்பெட்டிகள் ஊறிக் கூழாகிவிட்டன. விறகெல்லாம் ஈரம். வெறும் குதிர் ஒன்றில் அப்பாயி கொட்டாங்கச்சிகளைச் சேர்த்து மூடி வைத்திருந்தார். அவை மட்டும் நனையவில்லை. பற்றவைக்கத்தான் ஒரு பொறி இல்லை. அப்பாயிக்கு அந்த வேளையிலும் நகைச்சுவை குன்றவில்லை. இளையான்குடி மாற நாயனாரின் கதையை நீங்கள் அறிவீர்கள். மழை இரவில் பசியோடு வந்த சிவனடியாருக்கு அமுது படைக்க, பகலில் விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரிக்கொண்டு வந்தவர் அவர். விறகு இல்லாமையால் வீட்டுக் கூரையின் வரிச்சுகளை வெட்டி எரித்தவர். “அந்தப் புண்ணியவான் கூரையைத் தாமே பிரிக்க வேண்டியிருந்தது. நமக்குக் காற்றே பிரித்துக் கொடுத்துவிட்டது. என்ன பயன், எரியத்தான் மாட்டேன் என்கிறது” என்றார் அப்பாயி. அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டார்.

மேலத் தெருவில் ராவுத்தர் மாமா வீடு ஓட்டு வீடு. அங்கே, புயலுக்கு நான்கு நாள் முன்புதான் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளை பெற்றவள் இருக்கும் அறையில் குளிர் அண்டாதபடி உமியும் வறட்டியும் இட்ட கணப்புச் சட்டியை இரவும் பகலும் அணையாமல் காப்பது அக்கால வழக்கம். ஓடுகள் பறந்த வீட்டிலும் அந்த ஓர் அறையில், அந்தச் சட்டியில், சாம்பலுக்கு அடியில் கனல் இருந்தது. கீழே விழுந்த தென்னைகளைத் தாண்டித் தாண்டிச் சென்று ஒரு கொட்டாங்கச்சியில் அந்தக் கனலை வாங்கி வந்தவன் நான். நான் மட்டும் அல்லன்; ஊரில் எத்தனையோ வீடுகளுக்கு அன்று அங்கிருந்துதான் நெருப்பு. பிறந்து நான்கு நாளான குழந்தைக்காகக் காத்த தீ, ஓர் ஊருக்கே அடுப்பு மூட்டியது.

ராவுத்தர் மாமாவிடம் அன்று யாரோ, “எல்லாம் ஆண்டவன் விட்ட வழி” என்று சொல்லிக்கொண்டு நின்றார்கள். மாமா கையில் கடப்பாரையை எடுத்துக்கொண்டே, “ஒட்டகத்தைக் கட்டு, பிறகு ஆண்டவனை நம்பு என்று நபிகள் நாயகம் சொல்லியிருக்கிறார். வாருங்கள், முதலில் இந்த மரத்தை நகர்த்துவோம்” என்றார். நம்பிக்கைக்கும் சோம்பலுக்கும் உள்ள வேறுபாட்டை அதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை. இன்று வானிலைத் துறை எச்சரிக்கை விடுக்கும்போது, “ஆண்டவன் பார்த்துக்கொள்வான்” என்று வீட்டிலேயே இருந்துவிடுவோரைக் காணும்போதெல்லாம் மாமாவின் கடப்பாரை என் நினைவுக்கு வருகிறது.

கஞ்சி கொதித்தது. உப்பு இல்லை. மண்சட்டியில் இருந்த உப்பு கரைந்து போயிருந்தது. சுவருக்கு அப்பாலிருந்து அடுத்த வீட்டுச் சித்தி, வாய் மூடிய ஒரு சீசாவிலிருந்து ஒரு கை உப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். உப்பளத்திலிருந்து அவர் கணவர் சென்ற முறை கொண்டுவந்த உப்பு அது. ஓதுவாரும், அவர் பேரப் பிள்ளைகளும், சித்தியும், நாங்களும் அந்த மூலைச் சுவரின் நிழலில் உட்கார்ந்து குடித்தோம். நான் எத்தனையோ விருந்துகளில் உண்டிருக்கிறேன். அந்தக் கஞ்சியின் சுவையை எதிலும் காணவில்லை.

நண்பர்களே, கதை இத்துடன் முடிந்திருந்தால் மிக அழகாக இருக்கும். மழைநீர், அரிசி, கனல், உப்பு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன; ஆண்டவன் கைவிடவில்லை; எல்லோரும் பாருங்கள் என்று சொல்லி நானும் விடைபெற்றுக்கொள்ளலாம். அப்படிச் சொல்லும் பேச்சுகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்கு அவற்றில் நிறைவு ஏற்படுவதில்லை.

மூன்றாம் நாள் மாலை என் தந்தையார் நடந்தே வந்து சேர்ந்தார். வண்டி உடைந்துவிட்டது, மாடுகளில் ஒன்று இறந்துவிட்டது. துண்டில் ஒரு மூட்டை. அவிழ்த்துப் பார்த்தால் பொரி பசையாகியிருந்தது. அகல்களில் ஐந்து மட்டும் உடையாமல் இருந்தன. அவரைக் கண்டதும் அம்மா ஓடிப்போய் நின்றார். ஒரு சொல்லும் பேசவில்லை. “அம்மா, விளக்கு ஏற்றலாம், நம் வீட்டில் நெருப்பு இருக்கிறது” என்று நான் குதித்தேன். அதற்கு அடுத்த நாள் காலை உப்பளத்துச் செய்தி வந்தது. சித்தியின் கணவர் கடல் நீர் ஏறிவந்ததில் போய்விட்டார். நாங்கள் கஞ்சியில் இட்டு உண்ட உப்பு, அவர் தம் கையால் வீட்டுக்குக் கொண்டுவந்த கடைசி உப்பு.

அப்போதுதான் நான் அம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அப்பாவைக் கொண்டுவந்து சேர்த்த சாமிக்குச் சித்தப்பாவைக் கொண்டுவரத் தெரியாதா என்று கேட்டேன். அம்மா விடை சொல்லவில்லை என்று முன்பே சொன்னேன். அந்த ஐந்து அகல்களையும் அவர் அந்த ஆண்டு ஏற்றவில்லை. சேலைத் துணியில் சுற்றி மாடத்தில் வைத்துவிட்டார். தங்கை அழுதும் எடுத்துக் கொடுக்கவில்லை. என் தந்தையார் பிழைத்து வந்ததைப் பற்றி, அது ஆண்டவன் செயல் என்று, சித்தியின் காதில் விழும்படி அவர் தம் வாழ்நாளில் ஒருமுறையும் சொல்லவில்லை. அவருக்கு நன்றி இல்லாமல் இல்லை. இரவில் விளக்கில்லாத மாடத்தின் முன் அவர் நெடுநேரம் கைகூப்பி நின்றதை நான் பாதி உறக்கத்தில் கண்டிருக்கிறேன். நமக்குக் கிடைத்த அருளை உரக்கப் பேசினால், கிடைக்காதவர் நெஞ்சில் அது கல்லாய் விழும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எழுத்தறியாத என் தாயார் அறிந்த இந்த நயத்தை, மேடையேறிப் பேசும் நான் பலகாலம் கழித்தே கற்றேன்.

பெரிய புராணத்தில் குங்குலியக் கலய நாயனார் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் தாயாரை நினைப்பேன். திருக்கடவூரில் இறைவனுக்குக் குங்குலியத் தூபம் இடுவதே கலயரின் தொண்டு. வறுமை வந்தது, நிலமும் பிறவும் விற்றாயிற்று, மக்கள் பட்டினி. மனைவியார் தம் தாலியைக் கழற்றிக் கொடுத்து, நெல் வாங்கி வரச் சொல்கிறார். வழியில் குங்குலியப் பொதி வருகிறது. கலயர் தாலிப் பொன்னைக் கொடுத்துப் பொதியை வாங்கிக் கோயிலுக்குக் கொண்டுபோய்விடுகிறார், வீட்டை மறந்துவிடுகிறார். அன்றிரவு அவர் இல்லத்தில் இறையருளால் நெல்லும் பொன்னும் நிறைந்தன என்று சேக்கிழார் பாடுகிறார். எல்லோரும் கலயரின் பக்தியைப் போற்றுவர், போற்றத்தக்கதே. என் மனமோ அந்த இரவில் பசித்த பிள்ளைகளோடு படுத்திருந்த அம்மையாரிடமே செல்கிறது. சேக்கிழாரும் அவரை மறக்கவில்லை. இறைவன் கோயிலில் இருந்த கலயரை எழுப்புவதற்கு முன், வீட்டில் இருந்த அம்மையாரின் கனவில்தான் தோன்றி உணர்த்துகிறான். செல்வம் கண்டதும் அவர் முதலில் செய்தது, கணவருக்கு அமுது சமைத்ததுதான். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் புலவர் ஒருவர், அருள் முதலில் அடுக்களைக்கு வருகிறது என்று கண்டிருக்கிறார்.

இன்னொரு செய்தியும் எனக்கு மிகவும் பிடித்தது. பஞ்சம் வந்தபோது திருவீழிமிழலையில் திருநாவுக்கரசருக்கும் திருஞானசம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் பொற்காசு அளித்தான். அவர்கள் அக்காசைக் கொண்டு அடியவர்க்கு உணவளித்தனர். ஆனால் சம்பந்தர் பெற்ற காசு வாசியுடையது. கடைத்தெருவில் வட்டம் கொடுத்தே மாற்ற வேண்டியிருந்தது. அதனால் அவர் மடத்தில் சமையல் தாமதமாயிற்று. ஆண்டவன் கொடுத்த காசுக்கும் கடைக்காரர் கழிவு பிடித்தாரே என்று நான் மாணவனாக இருந்தபோது சிரித்தேன். இப்போது அது எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. அருள் வானத்திலிருந்து நேரே வாய்க்குள் விழுவதில்லை. அது கடைத்தெரு வழியாக, அளவுப்படி வழியாக, யாரோ ஒருவர் கை வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. அந்தக் கை சில நேரம் குறைத்துக் கொடுக்கும். சில நேரம், அந்தச் சித்தியின் கையைப் போல, தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிடும்.

மறு ஆண்டு கார்த்திகை வந்தது. கூரை வேய்ந்தாயிற்று. தை விளைச்சல் அரைக்கால் பங்குகூட இல்லை என்றாலும், கடன் வாங்கி ஒரு மாடு சேர்த்தாயிற்று. திருவாதிரைக்கென்று செலவாகிவிட்ட பத்துப் படியை அம்மா அந்த ஆண்டு முழுவதும் இரட்டைப் பிடி போட்டு ஈடு செய்துகொண்டிருந்தார். “அதுதான் அடியவருக்கே போயிற்றே, இன்னும் என்ன கடன்?” என்று தந்தையார் கேட்டார். “நாமும் குடித்தோமே” என்றார் அம்மா.

கார்த்திகை மாலையில் மாடத்திலிருந்து அந்த ஐந்து அகல்களையும் அம்மா எடுத்தார். திரி இட்டு எண்ணெய் வார்த்தார். அப்பாயி எழுந்து, சுவருக்கு அப்பால் போய், சித்தியின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். கணவனை இழந்தவர் மங்கலச் செயலில் முன்னே நிற்கக் கூடாது என்று ஊர் கருதிய காலம் அது. அப்படிக் கருதியவர்களில் அப்பாயியும் ஒருவர். தாமே கைம்பெண்ணாகி முப்பது ஆண்டுகளாக விளக்கேற்றும் வேளையில் பின்கட்டில் உட்கார்ந்திருந்தவர். அவர் சித்தியிடம், “நீ ஏற்றடி முதல் விளக்கை. அன்றைக்கு உன் உப்பைத்தான் தின்றோம்” என்றார். சித்தி தயங்கினார். வாசலில் இரண்டு மூன்று பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். அம்மா கொளுத்திய திரியைச் சித்தியின் கையில் கொடுத்துவிட்டுச் சற்று விலகி நின்றார். சித்தி முதல் அகலை ஏற்றினார். இரண்டாவதை அப்பாயியின் கையால் ஏற்றச் சொன்னார்.

அந்தக் கல்லூரி மாணவருக்கு நான் இந்தக் கதையைத்தான் சொன்னேன். “புயலை அனுப்பியவர் யார் என்ற கேள்விக்கு இது விடை ஆகவில்லையே, ஐயா” என்றார் அவர். ஆகவில்லைதான் என்று ஒப்புக்கொண்டேன். பிறகு, அவர் வீட்டுக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்தவர்கள் எந்த ஊரார் என்று கேட்டேன். தெரியாது என்றார். விசாரித்து எனக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுமாறு கேட்டுக்கொண்டேன். நான்கு மாதம் கழித்து எழுதினார். தேடிக் கண்டுபிடித்துவிட்டார், போய்ப் பார்த்தும் வந்தாராம்.

கஜா புயலில் எங்கள் ஊரும் தப்பவில்லை. இப்போது வீடு கல்லும் காரையுமானது. ஆகையால் கூரை நின்றது. ஆனால் மின்சாரம் போய்விட்டது; தெருவில் மறுபடியும் தென்னைகள். அப்போது எனக்கு வயது எழுபத்தாறு. மறுநாள் காலை கையில் ஊன்றுகோலோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சாய்ந்த மரங்களைத் தாண்டித் தாண்டி ஒரு சிறுவன் வந்தான். பத்து வயது இருக்கும். மேலத் தெரு ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. 1952 இல் கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் படுத்திருந்த அந்தப் பெண் குழந்தையின் பேரன். அவன் கையில் ஒரு சுடுநீர்க் குடுவையில் தேநீர் இருந்தது.

“தாத்தா, உங்கள் வீட்டில் தீப்பெட்டி நனையாமல் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னார்கள் எங்கள் நன்னி” என்றான். சட்டைப் பைக்குள்ளிருந்து, பாலிதீன் தாளில் சுற்றிய ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினான்.

எங்கள் வீட்டில் இரண்டு இருந்தன. அதைச் சொல்லாமல் அவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன்.